ஹாம் சுன்மி டீச்சரின் நாற்பது நிமிடங்கள்

துயரத்தோடு மேடையில் அமர்ந்திருக்கும் தலைமையாசிரியர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஹாம் சுன்மி ஆசிரியையின் கணவர் அவர்களே, சக ஆசிரியர்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் பெற்றோர்களே! வணக்கம். மூன்றாம் வகுப்புகளின் பொறுப்பாசிரியர் என்பதால் குவாக் ஜின்தே ஆகிய என்னைப் பேச அழைத்தார்கள். பதினொரு ஆண்டுகள் அவருக்குப் பக்கத்து வகுப்பறையில் இருந்தவன் நான். பேச எனக்குத் தகுதி உண்டா? கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்கள்.

ஹாம் சுன்மி எப்படிப்பட்ட ஆசிரியை? மார்ச்சில் பள்ளி திறந்த இரண்டாம் வாரமே, சேபொம் என்ற சிறுமிக்கு வாசிக்கத் தெரியவில்லை என்று கண்டுபிடித்த ஆசிரியை! இரண்டு ஆண்டுகளாக நம்மில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. தன் முறை வந்ததும், "டீச்சர், பாத்ரூம்" என்று எழுந்து போய்விடுவாள் அந்தப் பிள்ளை. மூன்றாம் தடவை டீச்சர் பின்னாலேயே போனார். கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் சும்மா நின்றிருந்தாள்.

"பயமா இருக்கா?"

"எழுத்துக்கு அடியில இன்னொரு எழுத்து உக்காந்தா குழம்பிடுது டீச்சர்."

"அவ்வளவுதானா! வா, ரெண்டு பேருமா அதைப் பிடிச்சிடலாம்."

தாயிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டு, செவ்வாயும் வியாழனும் பள்ளி விட்டபின் நாற்பது நிமிடம் அவளை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிக்கொடுத்தார். சுவருக்கு இந்தப் பக்கம் எனக்கு எல்லாம் கேட்கும். 'கரடி' என்று எழுதிய அட்டையைத் தலைகீழாகப் பிடித்தால் நம் கொரிய எழுத்தில் அது 'கதவு'. அதைப் படித்த அன்று சேபொம் கத்தினாள்: "டீச்சர், கரடி குட்டிக்கரணம் போட்டுக் கதவாயிடுச்சு!" இருவரும் சிரித்த சிரிப்பில் நானும் தனியாகச் சிரித்தேன்.

ஜூனில் ஒரு தோழி கேலி செய்தாள்: "உனக்கு இன்னும் ஒண்ணாங்கிளாஸ் பாடமா?" பிள்ளை அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். மறுநாள் தாய் வந்தார்.

"எம் பொண்ண நாலு பேர் முன்னாடி மக்குன்னு காட்டிட்டீங்களே!"

"போன்ல சொன்னேனேம்மா, சரின்னு சொன்னீங்களே?"

"தினமும் எல்லாரும் பாக்குற மாதிரி உக்கார வைப்பீங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

குழந்தையின் மனத்தை வதைத்தார் என்று புகார் போனது. விசாரணைக்கு வந்தவர்கள் முன்னால் ஹாம் டீச்சர் என் பக்கம் திரும்பினார். "குவாக் சார், நீங்க கேட்டுட்டுதானே இருந்தீங்க? சொல்லுங்க சார்."

"நான் கவனிக்கல" என்றேன்.

அன்பர்களே! கவனிக்கவில்லையா நான்? அவர்கள் சிரித்ததைக் கேட்டவன் நான்! என் பெயரும் அந்தப் புகார்க் காகிதத்தில் ஏறிவிடுமோ என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம்.

நான்கு மாதம் அவரை வகுப்புக்குள் விடவில்லை. சேபொம்மை என் வகுப்புக்கு மாற்றினார்கள். வாசிக்கும் முறை வரும். "சார், பாத்ரூம்." "போம்மா" என்பேன். ஒவ்வொரு தடவையும், தெரிந்தே, போம்மா என்றேன்!

அக்டோபரில், குற்றம் எதுவும் இல்லை என்று கடிதம் வந்தது. பள்ளிக்குத் திரும்பிய காலையில் அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "சேபொம் எதுவரைக்கும் வந்திருக்கா சார்?" நான் தரையைப் பார்த்தேன். "சரி சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருக்கக் கூடாதா!

போன வியாழன் காலை மாடிப்படியில் சரிந்தார். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார் மருத்துவர். ஐம்பத்திரண்டு வயது. அதற்குமேல் எதுவும் சொல்ல நான் மருத்துவன் அல்ல. ஐயா, உங்கள் மனைவிக்கு அன்று நான் தந்திருக்க வேண்டிய சாட்சியை இன்று ஊரறியத் தருகிறேன். காலம் கடந்துவிட்டது. மன்னிக்கச் சொல்லிக் கேட்கமாட்டேன்.

அவர் விட்ட வேலையை எடுக்கிறேன். வாசிக்கத் தெரியாத பிள்ளைகள் என் வகுப்பில் மூவர். பள்ளி விட்டபின் சொல்லித்தரச் சம்மதம் கேட்டு, மூன்று வீட்டுக்கும் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினேன். ஒரு தந்தை, "எம் புள்ளைய விட்டுடுங்க சார்" என்று சத்தம் போட்டார். சேபொம்மின் தாய் இன்னும் பதில் எழுதவில்லை. ஒருவர் மட்டும் சம்மதித்தார்.

ஹாம் டீச்சர், அந்த ஒரு பிள்ளையோடு செவ்வாய்க்கிழமை தொடங்குகிறேன்.