அத்தானின் நாடி

தூக்கம் வராத மனிதரோடு ஒரே வீட்டில் இருப்பது, கடையில் உள்ள சரக்கையெல்லாம் பிரித்துப் போடச் சொல்லிவிட்டு எதையும் வாங்காமல் நிற்கும் வாடிக்கையாளரோடு இருப்பதைப் போன்றது, ஐயா. கோபப்படவும் முடியாது, போகச் சொல்லவும் முடியாது. என் அக்கா வீட்டுக்காரர் அப்படித்தான் ஆகிவிட்டார். படுப்பார், எழுவார், ஜன்னலைத் திறப்பார், மூடுவார், செருப்பைத் தேடுவார். கடைசியில் என் அறைக் கதவைத் தட்டுவார்.

"மாப்ளே, முழிச்சிருக்கியா?"

"இல்ல அத்தான், தூங்கிட்டேதான் பேசறேன்."

"நக்கல் வேண்டாம்டா. நெஞ்சுக்குள்ள யாரோ மாடிப்படி ஏறி ஓடுற மாதிரி இருக்கு. கொஞ்சம் பிடிச்சுப் பாரு."

கையை நீட்டுவார். நான் மணிக்கட்டில் இரண்டு விரலை வைப்பேன்.

ஏன் என்னிடம் வர வேண்டும் என்று கேட்பீர்கள். எங்களுடையது கம்பள மொத்த வியாபாரம். கீழே கடை, மேலே வீடு. எங்கள் சந்தையில் பெரிய சரக்குக்கு விலையை வாயால் சொல்ல மாட்டோம். ஒரு துணிக்கு அடியில் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு விரலை அழுத்தியே பேசி முடிப்போம். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் புரியாது. மற்றவர்கள் எதிராளியின் விரலை மட்டும் கவனிப்பார்கள். நான் மீசை முளைக்கும் முன்பே வேறொன்று பழகிவிட்டேன். சும்மா படுவதுபோல ஒரு விரலை அவன் நாடியில் சாய்த்து வைப்பேன். முகத்தை எவனும் கல்லாக வைத்துக்கொள்ளலாம். நாடி உளறிக் கொட்டிவிடும். சந்தையில் எனக்கு 'விரல்' என்றே பெயர். அத்தான் முதலாளிதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கடையில் பேரம் என்றால் அது நான்தான்.

டாக்டர் அத்தானை மெஷினில் படுக்க வைத்துப் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றும் இல்லை என்றார். "காபியைக் குறைங்க. ராத்திரி வயிறு முட்டச் சாப்பிடாதீங்க. இடது பக்கமாப் படுத்தா துடிப்பு காதுல கேக்கும், திரும்பிப் படுங்க. எழுந்து உக்காந்து மூச்சை மெதுவா விடுங்க, அடங்கிடும்." பிறகு என் பக்கம் திரும்பினார். "இவரே நாடியப் பார்த்தா பயத்துல தப்பா எண்ணுவார். நீங்க பாருங்க. நடுவுல ஒண்ணு விட்டுப் போனா பரவாயில்ல. ஆனா கன்னாபின்னான்னு ஓடிக்கிட்டே இருந்து, நெஞ்சு அழுத்தி, மூச்சு வாங்கி, வேர்த்துக் கொட்டிச்சுன்னா யோசிக்காதீங்க, உடனே இங்க தூக்கிட்டு வந்துடுங்க."

எவ்வளவு தெளிவாகச் சொன்னார், பாருங்கள். அவர் மேல் ஒரு குறையும் இல்லை.

ஆரம்பத்தில் நான் ஒழுங்காகத்தான் பார்த்தேன். "நல்லா இருக்கு அத்தான்" என்பேன்; உண்மையிலேயே நல்லாத்தான் இருக்கும். அவர் நாடி என் விரலுக்கு அடியில் மெல்ல அடங்குவதை உணர்வேன். அதில் எனக்கும் ஒரு சந்தோஷம் இருந்தது.

கெடுத்தது ஒரு போர்டு. படபடப்பான வேலையைக் குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அத்தான் யோசித்துப் பார்த்தார். ஒரு காலைச் சாப்பாட்டின்போது சொன்னார்: "பேரம்தான் மாப்ளே என் நெஞ்சைத் தின்னுது. ஒவ்வொரு சரக்குலயும் விலைச் சீட்டை ஒட்டிடலாம். வாசல்ல 'ஒரே விலை'ன்னு போர்டு. வேணும்ங்கறவன் வாங்கட்டும்."

"அப்ப நான்?"

"நீ சீட்டு ஒட்டு."

அவர் சிரித்தார். அக்காவும் சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு சில இரவுகள், நன்றாக ஓடுகிற நாடியைப் பிடித்துக்கொண்டு, "என்னமோ சரியில்ல அத்தான்" என்றேன். கெட்ட எண்ணம் இல்லை. பயந்துபோய் ஓய்வெடுத்துக்கொண்டால், கடையை என்னிடம் விடுவார் என்று ஒரு கணக்கு. அவர் என்னடாவென்றால் டாக்டரிடம் ஓடினார். டாக்டர் மறுபடியும் மெஷினில் பார்த்துவிட்டு என்னைத்தான் கடிந்துகொண்டார், நல்ல மனுஷனைப் பயமுறுத்தாதீர்கள் என்று. நியாயமான பேச்சு. அன்று முதல் "நல்லா இருக்கு" என்பதைத் தவிர வேறெதுவும் நான் சொன்னதில்லை.

போன வாரம் அக்கா, மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தாள். பெயின்டர் போர்டை எழுதிக் கொண்டுவந்து கீழே சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார். காலையில் மாட்டுவதாக ஏற்பாடு. பெயின்ட் வாசம் மாடி வரைக்கும் வந்தது. எனக்கும் தூக்கம் வரவில்லை. புரண்டு புரண்டு படுத்துக் கிடந்தேன். அப்போதுதான் அத்தான் கதவைத் தட்டினார்.

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். பனியன் நனைந்திருந்தது. விரலை வைத்தேன். ஓடியது, நின்றது, தடுக்கியது, மறுபடி ஓடியது. டாக்டர் சொன்ன நாடி அதுதான். வைத்த உடனே தெரிந்துவிட்டது.

"நல்லா இருக்கு அத்தான்" என்றேன். "மூச்சை மெதுவா விடுங்க."

"நெஞ்சு அழுத்துதேடா."

"பயம் அத்தான்."

"வண்டிய எடு மாப்ளே."

நான் கையை விடவில்லை, எழுந்திருக்கவும் இல்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார். அவரும் அதே சந்தையில் வளர்ந்தவர்தானே, புரிந்துகொண்டார்.

"போர்டு வேணாம்" என்றார். "ஒடைச்சுப் போடு. நீயே பேசு."

இந்த இடம் தொழில் தெரியாதவர்களுக்குப் புரியாது. எதிராளி முதல் படி இறங்கும்போது சரி என்று சொல்பவன் வியாபாரி இல்லை. பேசாமல் இருக்க வேண்டும். நாம் பேசாமல் இருந்தால், அவர் இன்னும் இறங்கி வருவார்.

"கடையில பாதி தரேன்."

பேசாமல் இருந்தேன். இத்தனை வருடத்தில் இவ்வளவு அவசரப்பட்ட நாடியை நான் தொட்டதில்லை.

"முழுசா நீயே வச்சுக்கோடா. வண்டிய எடு."

எனக்கு வேண்டியது எல்லாம் கிடைத்துவிட்டது. எழுந்திருக்க வேண்டியதுதான். வண்டிச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. ஆஸ்பத்திரி தெருமுனையில் திரும்பினால் வந்துவிடும். ஆனாலும் உட்கார்ந்தே இருந்தேன். பிழைத்து எழுந்து வந்தால் பேச்சு மாறிவிடுவார் என்று தோன்றியது. பேச்சு மாறாத விலைதான் விலை. கொஞ்ச நேரத்தில் விரலுக்கு அடியில் ஒன்றும் இல்லை.

நான் அவரைத் தொந்தரவு செய்யவில்லை, அடிக்கவில்லை, எதையும் கலந்து கொடுக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கூடவே இருந்தேன். எத்தனை பேருக்கு அப்படி ஒருவர் வாய்ப்பார்?

காலையில் வந்த டாக்டர், "நாடி பார்த்தீங்களா, எப்படி இருந்துச்சு?" என்று சாதாரணமாகத்தான் கேட்டார். தூக்கத்திலேயே போய்விட்டார் என்று சொல்லியிருந்தால் இன்று இந்த ஸ்டேஷனில் உங்கள் எதிரில் உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் அப்படி ஒரு நாடியைத் தொட்டுவிட்டு, தெரியாது என்று சொல்ல என்னால் முடியவில்லை. எங்கே ஓடியது, எங்கே தடுக்கியது, எப்போது மெலிந்தது, எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். டாக்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "அவ்வளவு நேரமும் பிடிச்சுக்கிட்டா இருந்தீங்க?" என்றார்.

அக்காவிடம் நீங்கள் இன்னும் எதுவும் பேசவில்லை என்று நினைக்கிறேன். வந்து இறங்கியதும் என் தோளைப் பிடித்துக்கொண்டு கேட்டாள், "கடைசியா என்னடா சொன்னாரு?"

"கடையை முழுசா நீயே வச்சுக்கோன்னு சொன்னாரு அக்கா."

"உன் மேல அவருக்கு அவ்ளோ பிரியம்டா" என்று சொல்லி அழுதாள்.

நானும் அழுதேன். அவர் சொன்னதோடு ஒரு வார்த்தைகூட நான் சேர்க்கவில்லை, ஐயா. உள்ளதை உள்ளபடிதான் சொன்னேன்.