இரவல் கதிரைகள்

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள், சிட்னியில் பென்டில் ஹில் போகும் ரயிலில் இரண்டு தமிழ்ப் பெண்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

"மலர், கணக்குப்படி நான் இன்னும் ஏழையாகிப் போனன்," என்றாள் மூத்தவள்.

"புதுசா நாலு கதிரை வாங்கிப்போட்டு இதென்ன கதை, அக்கா?"

"அதுதான் கரைச்சல். வீடு வீடா வறுமைக் கணக்கு எடுக்கிற மனிசி நாளைக்குத் திரும்ப வாறா. முந்தி வந்தநேரம் வெக்கத்தில உன்ர ஆறு கதிரையையும் இரவல் வாங்கிப் போட்டனான். ஆறெண்டு எழுதினவ. இப்ப நாலுதானே?"

மலர் சிரித்தாள். "அண்டைக்கே என்ர வீட்டையும் வந்தவ. பாயில இருத்தினனான். கதிரையே இல்லையெண்டு எழுதிக்கொண்டு போனவ."

"ஐயோ!"

"நாளைக்கு ரெண்டு தரட்டே?"

மூத்தவள் யோசித்தாள்.

"வேண்டாம். அந்த ஆறும் உன்ரையெண்டு சொல்லப்போறன். இப்ப வாங்கின நாலும்தான் என்ரை."