பொன்னாடையுடன் வருவோரைச் சோதிக்க வேண்டாம்

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், உப்பளம் மைதான மேடையில் மக்கள் மாமணி தேவசிகாமணி குத்திக் கொல்லப்பட்ட அன்று பாதுகாப்பு ஏற்பாட்டில் எள்ளளவும் குறை இல்லை. முந்நூறு போலீஸ், இரண்டு மோப்ப நாய், மேடைப்படிக்குக் கீழே, இரும்பு கண்டால் அலறும் ஒரு சோதனை வாசல். நாய்களும் நன்றாகவே வேலை பார்த்தன. பிரியாணி எங்கே வேகிறது என்று இரண்டே நிமிடத்தில் கண்டுபிடித்தன.

சோதனை வாசலில் நின்ற சிவப்புத் தொப்பி நான். ஏட்டு அமலநாதன். பிறகு எப்படிக் கத்தி மேடையேறியது என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன் ஐயா.

தலைவருக்குப் பொன்னாடை என்றால் உயிர். தோளில் விழுந்த மறுநொடி பின்னால் நிற்பவர் உருவி மூட்டை கட்டுவார். அடுத்த கூட்டத்தில் அதே துணி திரும்ப வரும். ஒருமுறை பொன்னாடையோடு வந்த ஒருவரைத் தடவிப் பார்த்தேன். தலைவர் மைக்கிலேயே கேட்டார்: "யோவ் ஏட்டு, என் தொண்டன் பொன்னாட எடுத்தாந்தா, குண்டு எடுத்தாந்த மாரி தடவுற? மாட்டுச் சந்தையில நிக்கறதா நெனப்பா?"

கூட்டம் சிரித்தது. மறுநாள் எழுத்திலேயே உத்தரவு வந்தது: பொன்னாடையுடன் வருவோரைச் சோதிக்க வேண்டாம். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

ஒரு சிரிப்புக்காக ஆளைச் சாகவிடும் அற்பன் இல்லை நான். என் காரணம் சூசைமேரி, என் மனைவி. சித்திரையில் அவளுக்கு நெஞ்சுவலி. பக்கத்து வீட்டு மாலா ஆம்புலன்ஸில் ஏற்றிக் கோரிமேட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். முதலியார்பேட்டையில், தலைவரின் முப்பத்தாறு கார்களும் போகட்டும் என்று வண்டியை நிறுத்திவிட்டார்கள். இருபத்திரண்டு நிமிடம். அவள் கோரிமேட்டைப் பார்க்கவில்லை. தலைவர் இரங்கல் தெரிவித்தார். அதில் அவள் பெயர் ரோஸ்மேரி.

ஏழு மாதம் காத்திருந்தேன்.

அன்று கலியமூர்த்தி வந்தார். தலைவர் கட்சியை விட்டு நீக்கிய வட்டச் செயலாளர். கையில் மடித்த பொன்னாடை. சோதனை வாசல் அலறியது. மடிப்பின் ஓரத்தில் கத்திப்பிடி தெரிந்தது.

"ஏட்டய்யா, தலைவருக்குப் போத்தணும்."

"தாராளமா போங்க. துணி வழுக்குது பாருங்க, நல்லாப் புடிச்சிக்குங்க."

பிடி தெரியாதபடி துணியை நானே இழுத்து மூடிவிட்டேன்.

குத்து விழுந்ததும் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆம்புலன்ஸ் வந்தது. ஆனால் மைதான வாசலை அடைத்து நின்றன, அவருடைய அதே முப்பத்தாறு கார்கள். இருபத்திரண்டு நிமிடமாவது தாங்குவார் என்று நினைத்தேன். பதினாறிலேயே போய்விட்டார். எதிலும் அவசரம் அவருக்கு.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. தெரிந்தேதான் அனுப்பினேன். வருத்தமில்லை. சூசைமேரியைச் சாகடித்தவனுக்குத் தண்டனை கொடுத்தாயிற்று.

மாலாவை விசாரித்தால் இன்னொன்றும் சொல்வாள். அதையும் நானே சொல்லிவிடுகிறேன். அன்று முதலியார்பேட்டையில் எனக்குத்தான் டியூட்டி. வண்டிக்குள்ளிருந்து ஒரு பெண் கத்தினாள். எல்லா வண்டியிலும் யாராவது கத்தத்தான் செய்வார்கள் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த ஆம்புலன்ஸைக் கைகாட்டி நிறுத்தியது நான்.