வடிவேலு இருந்த நான்காம் இடம்

தை மாதத் தேர்வு நடந்த அன்று கோட்டைப் பள்ளிக்கூடத்து அறையில் இருந்தவர்கள்: நாகப்பட்டணத்திலிருந்து வந்திருந்த ஒல்லாந்துப் பாதிரியார், தமிழ் உபாத்தியாயர் வீரராகவன், மேல் பலகைப் பிள்ளைகள் பதினோரு பேர், பன்னிரண்டாவதாக என் மூத்த மகனின் மகன் மாரி. சாளரத்துக்கு வெளியே மீன் கூடையோடு நான். அங்கே இருக்க வேண்டியவனும் இல்லாதவனும் என் இளைய மகனின் மகன் வடிவேலு.

என் பெயர் இருசம்மாள். வயது அறுபத்து மூன்று இருக்கும். கணவர் இல்லை. பழவேற்காட்டுக் கோட்டைக்கு வடக்கே ஏரிக்கரைக் குப்பத்தில் குடியிருக்கிறேன். கோட்டைக்குள் மீன் விற்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாது, எண்ணத் தெரியும். ஒல்லாந்துக் கும்பினியின் நியாய சபையார் கேட்டதன் பேரில் இதைச் சொல்கிறேன்.

வடிவேலு தாய் தகப்பன் இல்லாதவன். வயது பதினான்கு. மூன்று வருஷமாகக் கோட்டையில் படித்தான். அங்கே கீழ்ப் பலகை, நடுப் பலகை, மேல் பலகை என்று மூன்று உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தேர்வு. தேர்வில் எந்த இடமோ அந்த வரிசையில்தான் மறுநாளிலிருந்து உட்கார வேண்டும், அந்த வரிசையில்தான் பாடம் ஒப்பிக்க வேண்டும். மேல் பலகையில் முதல் மூன்று இடத்தில் வருஷத்தை முடிப்பவர்களைக் கும்பினி எழுத்து வேலைக்கு எடுத்துக்கொள்ளும். நான் தினமும் கூடையை இறக்கிவிட்டுச் சாளரத்தடியில் நின்று, எத்தனையாவது குரல் அவனுடையது என்று எண்ணுவேன். முதலில் கீழ்ப் பலகையில் பத்தொன்பதாவது குரலாக இருந்தான். போன ஐப்பசியில் மேல் பலகையில் நான்காவது குரல். அவன் வீட்டுக்கு வந்து சொல்வதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்கும், தெரியாதவள் போலக் கேட்டுக்கொள்வேன்.

எங்கள் ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை இடுவது என்பதற்கு முறை உண்டு. அதற்குப் பாடு என்று பெயர். ஒருவனுக்கு உடம்புக்கு ஆகாவிட்டால் அவனுக்குப் பதிலாக உறவுக்காரன் ஒருவன் அந்தப் பாட்டுக்குப் போவான். வலை இட்டவன் யாரானாலும் மீன் பாட்டுக்குரியவன் வீட்டுக்குப் போகும். அதை யாரும் பொய் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் வருஷத்துக்கு ஒருமுறை பாட்டுக்குச் சீட்டு எடுக்கும் நாளில் மட்டும் பங்குக்காரன் தன் கையால் எடுக்க வேண்டும். என் இளைய மகனின் பங்கை வடிவேலு வளரும்வரை ஊர் நிறுத்தி வைத்திருந்தது. இந்தத் தையில் அவன் வந்து எடுக்காவிட்டால் பங்கு ஊரோடு போய்விடும் என்று ஊர்ப் பெரியவர் ராஜவேலு சொல்லிவிட்டார். சீட்டு எடுக்கும் நாளும் தேர்வு நாளும் ஒன்றாக அமைந்தன.

அதன் பிறகு நான் மாரியைக் கூப்பிட்டேன். அவன் அதே பள்ளியில் மேல் பலகைவரை படித்துப் போன வருஷம் நின்றவன். வடிவேலுவின் இடம் போகாதிருக்க அவன் பேரில் நீ போய் எழுதிவிட்டு வா என்றேன்.

"ஒதைப்பாங்க ஆயா."

"ஒதைச்சா வாங்கிக்க. ஒங்கப்பன் பாட்டுக்கு வலை போட நீ போனதேயில்லியா?"

"அது மீனு ஆயா, இது கணக்கு."

"மீனுக்குக் கணக்கு இல்லியா? வாய மூடிக்னு போடா."

போனான். வடிவேலு என்னிடம், "நான் வராததுக்குக் கோட்டையில இன்னா சொன்னாங்க ஆயா?" என்று கேட்டான். சொல்லியாகிவிட்டது, சரி என்றார்கள் என்றேன். அது பொய். மாரி போனது அவனுக்குத் தெரியாது. இந்த ஒன்றைச் சபையார் நன்றாக எழுதிக்கொள்ள வேண்டும்.

அதன் பிறகு நான் கூடையோடு கோட்டைக்குப் போய்ச் சாளரத்தடியில் நின்றேன். உபாத்தியாயர் வீரராகவன் வாசலில் பேர் கூப்பிட்டார். வடிவேலு என்றதும் மாரி முன்னே போனான். அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். மாரிக்கு ஐந்து வருஷம் எழுத்துச் சொல்லிக்கொடுத்தவர் அவர். "உள்ள போ" என்றார். தேர்வு மதியம்வரை நடந்தது. முடிந்ததும் பாதிரியார் ஓலையைப் பார்த்துப் பேர் பேராகச் சொன்னார். வடிவேலு, இரண்டாம் இடம் என்றார். எனக்கு அது போதுமாயிருந்தது. உட்கார்ந்திருந்தவன் யார் என்பதையே ஒரு நொடி மறந்துவிட்டேன். அந்தப் பேர் அந்த இடத்தில் சொல்லப்படுவதைக் கேட்கத்தான் மூன்று வருஷம் அங்கே நின்றேன்.

அதன் பிறகு வீரராகவன் எழுந்து பாதிரியாரிடம் ஒல்லாந்து பாஷையில் ஏதோ சொன்னார். பாதிரியார் பேனாவை எடுத்து ஏட்டில் ஒரு கோடு போட்டார். தேர்வுக்கு வராதவன் கீழ்ப் பலகைக் கடைசி இடத்துக்குப் போய் மறுபடி ஏறி வரலாம், ஆள் மாற்றியவன் பேர் மூன்று வருஷத்துக்கு ஏட்டில் ஏறாது, இதுதான் சட்டம் என்று வீரராகவனே வெளியே வந்து எனக்குச் சொன்னார். அதற்குள் வடிவேலுவுக்கு எழுத்து வேலைக்கான வயது போய்விடும்.

நான் வீடு திரும்பும்போது வடிவேலு சீட்டோடு எதிரே ஓடி வந்தான். "ஆயா, மொகத்துவாரம்! மொத நாளு நமக்குத்தான்!" என்றான். ஏரியும் கடலும் சேரும் அந்த இடம் எங்கள் வீட்டுக்கு அதுவரை விழுந்ததில்லை. நான் நடந்ததைச் சொன்னேன். அவன் என்னைத் திட்டவில்லை. சீட்டை என் கையில் வைத்துவிட்டுக் கரைப்பக்கம் போனான். இப்போது ஒழுங்காக வலை இடுகிறான். பள்ளி மணி ஏரிவரை கேட்கும். மணி அடித்ததும் அவன் வாய் அசையத் தொடங்கும். பாடம் முடிகிற நேரத்தில் நிற்கும். நான் இன்னும் தினமும் சாளரத்தடியில் நிற்கிறேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி நிறுத்திக்கொள்கிறேன். நான்காவது குரல் இப்போது வீரராகவனின் தங்கை மகனுடையது. குற்றமாகச் சொல்லவில்லை, காதில் விழுவதைச் சொல்கிறேன்.

என் வேண்டுகோள்: ஆளை மாற்றியவள் நான். என்னைக் கோட்டைக்குள் கூடையோடு விட வேண்டாம். வடிவேலுவைத் தேர்வுக்கு வராதவனாக எழுதிக் கீழ்ப் பலகையின் கடைசி இடத்தைக் கொடுங்கள். பத்தொன்பதானாலும் இருபதானாலும் சரி. நான் மதிலுக்கு வெளியே நின்று கேட்டுக்கொள்கிறேன்.

எழுதியதைக் கணக்கர் எனக்கு இரண்டு முறை படித்துக் காட்டினார். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை. எல்லாம் நடந்தபடி இருக்கிறது என்று ஒப்பி, எங்கள் வீட்டுப் படகுக் குறியை இங்கே கீறுகிறேன்.

குறிக்குக் கீழே இன்னும் கொஞ்சம் எழுதச் சொன்னேன். யார் மேலாவது மனக்குறை உண்டா என்று சபையார் கேட்டார்கள். பாதிரியார் மேல் இல்லை, அவர் வெளியூர்க்காரர். ராஜவேலு மேல் இல்லை, ஊர் முறையைச் சொன்னார். மாரி சொன்னதைச் செய்தான். முப்பது வருஷத்துக்கு முன் எங்கள் குப்பத்தில் ஒரு பையன் கோட்டைக்குப் படிக்கப் போனான். தகப்பன் படுக்கையில் கிடந்தான். நான்கு வருஷம் அந்தப் பையன் பேரில் அவன் பாட்டில் வலை இட்டு, மீனை அவன் தாய் மடியில் கொட்டிவிட்டு வந்தவர் என் புருஷன். ஆள் மாறிப் போவது எங்களுக்கு எப்படிப்பட்ட காரியம் என்று அந்தத் தேர்வு அறையில் மாரியைத் தவிரத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். வாசலிலேயே "வேணாம் அண்ணி, இது வேற" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மாரியை இழுத்துக்கொண்டு வந்திருப்பேன். நான் மன்னிக்க மாட்டேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். பேர் வீரராகவன்.