நுங்கராயி கையால் சொன்னது

அன்று பிற்பகல் காவல் நிலையத்தில் இருந்தவர்கள்: சார்ஜென்ட்டாக நான், எனக்குக் கீழே வேலை பார்த்த கான்ஸ்டபிள் ப்ரையர், வெளியே இரும்பு பெஞ்சில் நுங்கராயி, உள்ளே அறையில் அவள் மகன். குளிர்சாதனம் பழுது பார்க்க ஒருவர் வந்திருந்தார். அவரைச் சேர்க்க வேண்டாம், கூரை மேலேயே இருந்தார். அந்த வாரம் முழுக்கப் புழுக்கம். நான் சுத்தம் பார்க்கிற ஆள். வியர்வை நாற்றத்தோடு வேலை செய்வது எனக்கு ஆகாது.

மகனின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. செத்தவர் பெயரை அந்தப் பழங்குடி மக்கள் வாயில் எடுப்பதில்லை. குமன்ஜாயி என்று பொதுவாகச் சொல்வார்கள். நானும் அப்படியே சொல்கிறேன். அவர்களோடு இத்தனை காலம் இருந்தவனுக்கு அந்த மரியாதையாவது தெரிய வேண்டும்.

நீங்கள் நகரத்திலிருந்து வந்திருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பாலைவனத்து ஊரில் முறை இல்லாத உயிர் கிடையாது. நாய்க்குக்கூட முறை உண்டு. ஒரு வெள்ளத்தில் நுங்கராயியின் அப்பாவை என் வண்டியில் ஏற்றிக் கரை சேர்த்தேன் என்பதற்காக என்னை ஜுங்கராயி ஆக்கினார்கள். அதாவது அவளுக்கு நான் தம்பி, அவள் பிள்ளைகளுக்குத் தாய்மாமன். ஊரே கைதட்டியது. அந்த வண்டியை அப்புறம் நான் எப்படிக் கழுவினேன் என்று ஒருவரும் கேட்கவில்லை.

குமன்ஜாயியைக் கடை வாசலிலிருந்து ப்ரையர்தான் கூட்டி வந்தாள். கால் தள்ளாடியது, பேச்சு குழறியது. குடித்தவர்களைத் தெளியும்வரை உள்ளே வைக்கச் சட்டம் இடம் தருகிறது, வைத்தோம். அவன் குடியை விட்டுவிட்டான், ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயத்தில் கிட்டார் வாசிக்கிறான் என்றெல்லாம் ஊரில் பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

அவன் வாந்தி எடுத்தான். தண்ணீர் கேட்டான், மறுபடி வாந்தி. ப்ரையர் புதிது, கலங்கிப்போனாள்.

"சார், கிளினிக்குக்குக் கொண்டுபோயிடலாம். மைதானத்தத் தாண்டினா வந்துடுது."

"வண்டிக்குப் புது சீட் உறை போட்டிருக்கு. அதுல வாந்தி எடுத்தான்னா நீ நக்கித் துடைக்கிறியா?"

அவள் சிரித்தாள். அதையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பின்பக்கம் வாளி தேடிப் போனாள்.

வெயில் இறங்கும்போது அவன் உடம்பு சில்லிட்டிருந்தது.

உடற்கூறு அறிக்கையில் மது இல்லை, சர்க்கரை நோய் முற்றியிருந்தது என்று வந்தது. இதை யாரும் மறுக்கவில்லை. நிலையத்தில் யாருக்காவது முன்பே தெரியுமா என்பதுதான் கேள்வி. விசாரிக்க உங்களுக்கு முன்னால் நகரத்திலிருந்து ஒரு துப்பறியும் அதிகாரி வந்தார். நல்ல மனிதர், ஈக்களைக் கண்டு பயந்தார்.

பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அங்கே வாய் திறக்கக் கூடாது. மாதக்கணக்கில் கூட நீளும். மூத்த பெண்கள் வந்து வாயை விடுவிக்கும்வரை கையால்தான் பேச வேண்டும். அது சும்மா சைகை இல்லை. சண்டை போடலாம், கேலி செய்யலாம், கதை சொல்லலாம், அவ்வளவு இருக்கிறது அதில். துக்கக் கொட்டகையில் நுங்கராயி உடம்பெல்லாம் வெள்ளை மண் பூசி உட்கார்ந்திருந்தாள். அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. மொழிபெயர்ப்பாளர் வர நாளாகும். எனக்குத் தெரியும், உதவட்டுமா என்றேன். சட்டப்படி நான் அங்கே இருந்திருக்கவே கூடாது. அவர் நுங்கராயியின் முகத்தைப் பார்த்தார். அவள் தலையசைத்தாள். தம்பி அல்லவா.

அவள் கை சொன்னது இது: என் மகனுக்குச் சர்க்கரை. ஊசி போட வேண்டும் என்று ஜன்னலில் வந்து தம்பியிடம் சொன்னேன். அவன் குடிக்கவில்லை என்றும் சொன்னேன்.

அவள் சொன்னதாக, அவளுக்குப் புரியாத ஆங்கிலத்தில் நான் வாயால் சொன்னது இது: குடித்திருப்பான் என்றுதான் நானும் நினைத்தேன். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.

அதிகாரி எழுதிக்கொண்டார். அவள் என்னைப் பார்த்து நன்றி காட்டினாள்.

அதிகாரியின் அறிக்கை வந்ததும் புருஷன் வீட்டார் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். பெற்றவளுக்குத் தெரிந்திருந்தும் சொல்லவில்லையே என்று துக்கக் கொட்டகையிலேயே தடியால் மண்டையில் அடித்தார்கள். அது அவர்கள் வழக்கம், நான் தலையிடவில்லை. அவள் கையை ஆட்டி ஆட்டி மறுத்தாள். அச்சில் ஏறிய சொல்லுக்கு எதிரே கை என்ன செய்யும்? மகனைக் கொன்றவள் என்று பெயர் விழுந்தது. பேரப்பிள்ளைகளை அவளிடம் விடவில்லை. ரத்தம் காய்ந்த அந்தத் தலையோடு கடைக்கு வருவாள். எனக்குப் பார்க்கவே குமட்டும். தலையை அலசிக்கொள்ளக் கூடாதா என்று தோன்றும்.

ஒருநாள் பெண்கள் அவள் வாயை விடுவித்தார்கள். ஒப்பாரி வைப்பாள் என்று நினைத்தேன். நேராக நிலையத்துக்கு வந்தாள்.

"நான் கையால சொன்னத நீ வாயால மாத்துன. இப்ப எனக்கும் வாய் வந்துடுச்சு, தம்பி."

"வெயில்ல நிக்காதீங்கக்கா. உள்ள வாங்க."

"உள்ள வந்தவன் எப்படி வெளிய வந்தான்னு பாத்தவ நான். நீ வெளிய வா."

நான் போகவில்லை. அவள் விடவில்லை. தன் அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு வக்கீல் வாசல்களில் ஏறி இறங்கினாள். அதிகாரி அன்று கொட்டகையில் ஒரு கேமராவை ஓடவிட்டிருந்தார். அதை நான் மறக்கவில்லை. ஆனால் கையைப் படிக்கத் தெரிந்தவர்கள் யாரும் அதைப் பார்க்கப்போவதில்லை என்று நினைத்திருந்தேன். அக்கா மகள் அந்தப் பதிவை வாங்கிவந்து பள்ளிக்கூட மண்டபத்தில் போட்டுக் காட்டினாள். சத்தத்தை நிறுத்திவிட்டாளாம். புருஷன் வீட்டுப் பெண்கள் முன் வரிசை. அவளை அடித்தவளே எழுந்து நின்று, அவள் கை சொன்னதை வரிவரியாக உரக்கச் சொன்னாளாம். பிறகு சத்தத்தை வைத்து என் குரலைக் கேட்டார்களாம். மண்டபத்தில் ஒரு கிழவி வாந்தி எடுத்தாள் என்று ப்ரையர் சொன்னாள். யார் துடைத்தார்களோ.

அதனால்தான் இந்த இரண்டாவது விசாரணைக்கு நீங்கள் வந்திருக்கிறீர்கள். நுங்கராயி கேட்பது ஒன்றே ஒன்று, தான் சொன்னாள் என்பதை நான் சொல்ல வேண்டும். தாய்மாமன் வாயால் வந்தால்தான் அவள் மேல் விழுந்த பழி கழியுமாம். சொல்கிறேன். அவள் ஜன்னலில் வந்து சொன்னாள், தெளிவாகச் சொன்னாள். சரிக்கா, பாத்துக்கறேன் என்றேன்.

உண்மையில் அவள் சொல்லியிருக்கவே வேண்டாம். என் அம்மா அதே நோயில் போனவள். மூச்சில் அழுகிய ஆப்பிள் வாடை வரும், குடி நாற்றம் வேறு மாதிரி. அவனை உள்ளே கொண்டுவந்தபோதே எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் கடைசி நாட்களில் நான் கிட்டே போகவில்லை. அண்ணன்தான் பார்த்துக்கொண்டான். சிலருக்கு அது வராது. குற்றம் என்று சொல்ல முடியாது.

நுங்கராயி ஜன்னலிலிருந்து பெஞ்சுக்குப் போன பிறகு நான் அறையைத் திறந்து பார்த்தேன். பார்க்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தரையெல்லாம் வாந்தி. அதன் நடுவில் அவன் கன்னத்தை வைத்துப் படுத்திருந்தான். மூச்சு ஓடி வந்தவனைப்போல் இழுத்தது.

"மாமா, நான் குடிக்கல. நீயே மோந்து பாரு."

குனிந்து மோந்து பார்த்தேன். என் கால்சட்டையைப் பிடித்தான். அவன் கையில் அது ஒட்டியிருந்தது. ஷூ நுனியால் நகர்த்தினேன், மிதிக்கவில்லை. சாயங்காலம் வேறு யாராவது பணிக்கு வருவார்கள், கையுறை போட்டுக்கொண்டு செய்துகொள்வார்கள் என்று தோன்றியது.

வாசலில் அவன் அம்மா உட்கார்ந்திருந்தாள். சத்தம் கேட்டால் பதறுவாள் என்று அவனை உள்ளே விட்டுக் கதவை மெதுவாகத்தான் சாத்தினேன். பூட்டினேன்.