ஐந்து வலக்கொம்புகள்

— தகட்டு வருசத்திலை ஏழைச் சுரண்டியாச்சு, அண்ணை. எட்டைத் தாங்கோ, ஒட்டிப்போட்டு இறங்கிறன்.

— ஒட்டாதை.

— வேட்டைப் பருவம் நேற்றோடை முடிஞ்சுது. இனி ரெண்டாயிரத்துப் பதினெட்டுத்தானே? வருசா வருசம் மார்ச் முதலாம் திகதி நான் இந்த ஏணியிலைதான் நிக்கிறன்...

— ஒட்டாதை எண்டுறன், மரியரட்ணம். பலகையைக் கழட்டு.

— என்ன... கழட்டவோ? கடைக்கு வாற சனம் சீலையைப் பாக்கிறதுக்கு முதல் இதைத்தான் பாக்குது. "பலகை இருக்குது, மான் கொம்பு எங்கை?" எண்டு கேக்குது. "வருது" எண்டு நான் சொல்லுறன். அஞ்சு வருசமா வந்துகொண்டிருக்குது.

— பகிடி விடாதை.

— பித்தளைத் தகட்டிலை பேர் வேறை. "வேட்டைச் செம்மல் மகேந்திரராசா வீழ்த்திய கலைமான்." மான் இன்னும் விழேல்லை. செம்மல் மட்டும் எழும்பி நிக்கிறார்.

— அந்தப் பட்டம் எங்கடை ஊர்ச் சங்கம் தந்தது.

— ஓமண்ணை. சங்கத் தலைவர் ஆர்?

— ... நான்தான்.

— பொன்னாடை போத்தினது?

— எனக்கு நானே போத்தேல்லை, விசரா. செயலாளர் போத்தினவர்.

— பொன்னாடை போனது இந்தக் கடையிலை இருந்து. நான்தான் மடிச்சுப் பையிலை போட்டனான்.

— கழட்டிப்போட்டு இறங்கு. மெல்ல... சுவரை உரிக்காதை. தகட்டிலை என்ன தெரியுது?

— ஏழோடை சேந்து கீழை ஒட்டினது எல்லாம் உரிஞ்சு வந்திட்டுது. முதல்முதல் வெட்டின ரெண்டு தெரியுது. ரெண்டாயிரத்துப் பன்னிரண்டு.

— ம்...

— பொங்கல் விழா. லா கூர்னெவ் மண்டபம். மார்க்ஸ் டோர்மோய் மெட்ரோ வரைக்கும் அறிவித்தல் ஒட்டினனீங்கள். "மாபெரும் வேட்டைப் பலகைத் திறப்பு." உலகத்திலை வெறும் பலகைக்குத் திரை நீக்கின ஆள் நீங்கள் ஒருத்தர்தான்.

— அண்டைக்கு நீ என்ரை தொப்பியைப் பிந்திக் கொண்டு வந்தனீ.

— அதை இன்னும் விடேல்லையோ?

— இறகு வைச்ச தொப்பி. அந்தப் பச்சை உடுப்புக்கு அது இல்லாட்டி ஆள் தபால்காரன் மாதிரி. முதல் நாள் காட்டிலை மறந்துபோட்டு வந்ததை எடுத்துவா எண்டு விடிய அனுப்பினன். கார் து நோர் ஸ்டேசனிலை ரெயில் ஏறினா நாப்பது நிமிசம். நீ இரவு எட்டு மணிக்கு வாறாய்! நன்றியுரைக்குத்தான் தொப்பி போட்டன்.

— இருநூறு பேருக்கு முன்னாலை மைக்கிலை ஏசிப்போட்டுத்தான் அதைப் போட்டனீங்கள்.

— ஏசாமல்?

— சரி, விடுங்கோ. பழங்கதை. பலகையை ஏன் கழட்டுறம் எண்டு சொல்லுங்கோ. உங்கடை கலைமான், அந்தப் பெரியவர், இந்த முறையும் முகம் தரேல்லை, அவ்வளவுதானே? ரெண்டாயிரத்துப் பத்திலை முதல் தரம் கண்டனீங்கள். ஏழு பருவம். மனுசர் பிள்ளை பெத்துப் பள்ளிக்கூடம் அனுப்பியாச்சு, நீங்கள் ஒரு மானுக்குப் பின்னாலை...

— நிப்பாட்டு.

— பதின்மூண்டிலை புகாருக்கை கண்டனீங்கள், சுட முதல் மறைஞ்சிட்டார். பதினாலிலை துவக்கு நனைஞ்சுது. பதினைஞ்சிலை நான் தும்மிப்போட்டனாம். இதெல்லாம் நீங்கள் கடைக்குள்ளை நிண்டு சனத்துக்குச் சொன்னது. நான் தும்மவே இல்லை.

— ரட்ணம், உந்தக் கொம்புப் பெட்டியைத் திற.

— ... இப்ப அதுக்கு என்ன அவசரம்?

— திற. மாசி பங்குனியிலை கலைமான் கொம்பை விழுத்தும், பேந்து புதுசு முளைக்கும். அப்பிடிப் பெரியவர் விழுத்தினது எண்டு வருசா வருசம் நீ பொறுக்கிக் கொண்டு வந்தது. எத்தினை கிடக்குது?

— அஞ்சு.

— அதிலை இடப்பக்கக் கொம்பு எத்தினை? எண்ணு.

— எல்லாம்... வலதுதான். மானுக்கும் சோத்துக்கைப் பழக்கம் எண்டு ஒண்டு...

— அஞ்சு வருசமும் வலதை மட்டும் விழுத்துற மான்.

— இடதைப் பத்தைக்குள்ளை விழுத்தியிருக்கும். நரி இழுத்திருக்கும். அந்தக் காட்டிலை கொம்பு பொறுக்கிறதே சட்டப்படி பிழை எண்டபடியா நானும் அவசரத்திலை...

— அதுக்குத்தானோ "காட்டு வேட்டைச் சங்கத்து வெள்ளையளுக்குக் காட்டாதேங்கோ" எண்டனீ?

— அதுக்கும்தான்.

— பெரியவற்றை இடக்கொம்பு எப்பிடி இருக்கும்?

— எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. அடிக்கிளை கீழை மடிஞ்சு, கதவுக் கொழுக்கி மாதிரி.

— அப்பிடி ஒண்டு சந்தையிலை கிடையாது, என்ன?

— அண்ணை...

— சாந்துவான் பழஞ்சாமான் சந்தை. ஞாயிற்றுக்கிழமையிலையோ போறனீ?

— திங்கள்தான் மலிவு. ஆர் சொன்னது?

— ஒருத்தரும் சொல்லேல்லை. காலமை காட்டுச் சங்கத் தலைவன் எனக்குப் போன் அடிச்சவன். கிழக்குப் பக்கத்து முள்ளுப்பத்தையை மெசின் விட்டு வெட்டியிருக்கிறாங்கள். உள்ளுக்கு ஒரு மண்டையோடு. கொம்போடை. பதினாலு கிளை. இடப்பக்கம் கொழுக்கி. பாசி பிடிச்சுப்போய்க் கிடக்காம். அஞ்சு வருசத்துக்குக் குறையாதாம். "முசியே மகேந்திரராசா, அது உங்கடை மான், அதுதான் முதல் உங்களுக்குச் சொல்லுறன்" எண்டான். எனக்கு ஆறுதல் சொல்லுறான்! கழுவித் தாறானாம், பலகையிலை பூட்டட்டாம்.

— அப்ப பலகைக்கு அளவாத்தான்...

— வாயை மூடு.

— மூடுறன்.

— ஏன்ரா? அஞ்சு வருசம் ஒரு செத்த மானின்ரை பேரிலை ஏன் எனக்குக் கொம்பு வாங்கித் தந்தனீ?

— விழா முடிஞ்ச பிறகு நீங்கள் சரியாச் சாப்பிடேல்லை. மேடையிலை "அடுத்த பொங்கலுக்கு முதல் கொம்பு ஏறும்" எண்டு சபதம் போட்ட ஆள், கடையிலை ஒரு மூலையிலை குந்திக்கொண்டு... யோகராணி அக்கா வந்து, "தம்பி, என்ரை மனுசனுக்கு என்ன நடந்தது?" எண்டு கேட்டா. எனக்கு வேறை ஒண்டும் தெரியேல்லை. ஒரு கொம்பை வாங்கி, சேறு பூசிக் கொண்டுவந்து தந்தன். கையிலை வாங்கின உடனை அழுதனீங்கள்.

— அழுதன்தான்.

— சந்தோசத்திலை எண்டு நினைச்சன். அடுத்த வருசம் நீங்களே கேட்டனீங்கள், "ரட்ணம், இந்த வருசமும் விழுத்தியிருக்குமே?" எண்டு. அதுக்குப் பிறகு மாசி பிறந்தா நீங்கள் என்ரை கையைத்தான் பாப்பியள். எப்பிடி வெறுங்கையோடை வாறது?

— யோகராணியின்ரை தம்பியைத் தெரியும்தானே.

— உதயன். ரெண்டாயிரத்து ஒன்பதிலை வன்னியிலை காணாமல் போனவர்.

— "அந்த முகாமிலை கண்டன், இந்தச் சிறையிலை கண்டன்" எண்டு எத்தினை பேர் வீட்டுக்கு வந்தவங்கள். எல்லாருக்கும் அவள் தேத்தண்ணி ஊத்திக் குடுத்தாள். பொய் எண்டு அவளுக்கு வடிவாத் தெரியும். ஒருத்தனை நான் வாசல்லை வைச்சுப் பேசிக் கலைச்சன். ஒரு கிழமை அவள் என்னோடை கதைக்கேல்லை. எனக்கு அது விளங்கேல்லை அப்ப. பிறகு நீ கொம்போடை வந்தாய். உனக்கு நான் தேத்தண்ணி ஊத்தினன்.

— அப்ப... உங்களுக்குத் தெரியுமோ?

— எனக்கு இடம் வலம் தெரியாதே, மடையா? ரெண்டாவதைக் கொண்டு வரேக்கையே தெரியும்.

— தெரிஞ்சுகொண்டோ என்னை ஏணியிலை ஏத்தி வருசத்தை மாத்தினனீங்கள்? சனிக்கிழமை சனிக்கிழமை விடியக்காலமை இழுத்துக்கொண்டு போய், அந்தக் குளிருக்கை ஸ்டூலும் சுடுதண்ணிப் போத்தலும் காவ வைச்சனீங்கள்? புகாருக்கை கண்டது?

— ஒண்டையும் காணேல்லை.

— மான் இல்லையெண்டு தெரிஞ்சா ஏன் அண்ணை போனனீங்கள்?

— தேடினன்.

— எதை? ஓ... அதுதானோ ஒண்டுக்குப் போறன் எண்டு பத்தைக்குள்ளை போனா ஒரு மணித்தியாலம்? நான் சலரோகமாக்கும் எண்டு நினைச்சு அக்காவுக்குச் சொல்லிப்போட்டன்.

— நீயோ சொன்னனீ? நாலு வருசமா சீனியில்லாத தேத்தண்ணி குடிக்கிறன்ரா!

— மன்னிச்சுக்கொள்ளுங்கோ.

— இரு... சிரிக்காதை. நானும் சிரிச்சுப்போடுவன், பிறகு சொல்ல ஏலாது. நான் தேடினது மானை இல்லை, ரட்ணம். சவத்தை. நான்தான் சுட்டனான்.

— அண்ணை...

— விழாவுக்கு முதல் நாள். பலகை செய்தாச்சு, தகடு வெட்டியாச்சு, மண்டபம் எடுத்தாச்சு. கொம்பு மட்டும் இல்லை. மத்தியானம் போல பெரியவர் வந்தார். அவ்வளவு கிட்ட ஒரு நாளும் வந்ததில்லை. ஆனா நெஞ்சைக் காட்டேல்லை. திரும்பிப் போறார். அப்பிடிப் போகேக்கை பின்பக்கத்தாலை சுடக் கூடாது. படிப்பிச்சவங்கள். வேட்டைச் சோதினையிலை அந்தக் கேள்வி வந்தது, சரியா எழுதினனான்... நாளைக்கு விழா.

— சுட்டியள்.

— வயித்திலை பட்டுது. முதுகைக் கூனிக்கொண்டு பத்தைக்குள்ளை போச்சுது. சுட்டா உடனை சொல்லவேணும், ரட்ணம். காயப்பட்டதைத் தேடுறதுக்கெண்டே ஒரு நாய் வைச்சிருக்கிறாங்கள். அண்டைக்கே கண்டுபிடிச்சு, ஒரு வெடியோடை முடிச்சிருப்பாங்கள். தலைவன் கேட்டான், ஆர் சுட்டது, எதுக்குச் சுட்டது எண்டு. "காட்டுப்பண்டிக்கு. தவறிப்போச்சு" எண்டன். இடத்தைக் காட்டச் சொன்னான். வேறை இடத்தைக் காட்டினன். குனிஞ்சு பாத்தான், ரத்தம் இல்லை. தோளிலை தட்டிப்போட்டுப் போனான். அந்தப் பதட்டத்திலைதான் தொப்பியை விட்டிட்டு வந்தனான்.

— ஓம்.

— அடுத்த நாள் மேடையிலை என்ன கதைச்சன் தெரியுமோ? "காட்டின் மன்னனுக்கும் யாழ் மண்ணின் மைந்தனுக்கும் இடையே ஓர் அறப்போர்."

— வீடியோவிலை பாத்தனான். கை தட்டின இடத்தை ரெண்டு தரம் போட்டிருந்தது.

— துவக்குச் சத்தத்துக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தவன் நான். இஞ்சை வந்து படிச்சு, சோதினை எழுதி, அனுமதி எடுத்து, காசு குடுத்துத் துவக்கு வாங்கி... ஓடுற ஒண்டைப் பின்னாலை நிண்டு சுட்டன். நீ கொம்பு கொண்டு வந்த அண்டைக்குச் சந்தோசத்திலை அழேல்லை. சாகேல்லை, தப்பியிட்டுது எண்டு அழுதன். ஒரு வருசம் நிம்மதியா இருந்தன். ரெண்டாவதைக் கண்டாப் பிறகு தேடத் தொடங்கினன். வடக்கு, மேற்கு, குளக்கரை, எல்லாம் பாத்தாச்சு. கிழக்குப் பக்கம் மட்டும் போகேல்லை. ஏன் போகேல்லை? காட்டுப்பண்டி குட்டி போட்டிருக்குது, பாயும், போகாதேங்கோ எண்டு நீ சொன்னனீ. ஒவ்வொரு வருசமும் சொன்னனீ.

— பண்டி ஒவ்வொரு வருசமும்தான் குட்டி போடும்.

— ரட்ணம். அது அங்கை கிடந்தது உனக்குத் தெரியும்.

— அப்ப எனக்கு இஞ்சை இருக்கிறதுக்குக் காட் இல்லை, அண்ணை. காட் குடுக்கிற பிறெபெத்தூர் கந்தோருக்கு வேலைக் கடிதத்திலை நீங்கள் கையெழுத்து வைக்கவேணும். இதைச் சொன்னா வைப்பியளோ? பிறகு காட் கிடைச்சுது. இனிச் சொல்லுவம் எண்டு பாத்தா, அதுக்குள்ளை மூண்டு கொம்பு வாங்கியாச்சு.

— எப்ப தொடக்கம் தெரியும்?

— பலகையை எங்கை வைக்கிறது?

— எப்ப தொடக்கம்ரா!

— தொப்பி எடுக்கப் போன அண்டைக்கு. நீங்கள் நிண்ட இடத்துக்கு முன்னாலை இலையெல்லாம் ரத்தம். அதைப் பிடிச்சுக்கொண்டு போனன்.

— செத்துக் கிடந்ததோ?

— ...

— சொல்லு. கிடந்ததோ?

— உங்களுக்குப் போன் அடிச்சன். மண்டபம் சோடிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். "தொப்பி கிடைச்சுதோ?" எண்டனீங்கள். ஓம் எண்டன். வைச்சிட்டீங்கள். பிறகு ரெண்டு தரம் அடிச்சன், எடுக்கேல்லை. காட் இல்லாதவன் வேறை ஆருக்கு அடிக்கிறது, பொலிசுக்கோ? கையிலை கத்தி கூட இல்லை. உங்கடை தொப்பிதான் இருந்தது.

— கெதியா முடிஞ்சுதெண்டு சொல்லு, ரட்ணம். பொய்யெண்டாலும் பரவாயில்லை.

— நான் போகேக்கை பத்தரை மணி இருக்கும். சத்தம் கேட்டாத் தலையைத் தூக்கித் தூக்கிப் பாத்துது. விட்டிட்டு வர மனம் வரேல்லை, பக்கத்திலை குந்தியிருந்தன். முடியேக்கை இருட்டிப்போச்சு, அண்ணை. தொப்பி பிந்தினது அதாலைதான்.