ஊசிமுனை இனி பொது

ஊசியில் நூல் கோக்க எல்லோரும் நூலின் நுனியைத்தான் எச்சில் தொட்டு நனைப்பார்கள். நான் ஊசியின் காதை நனைப்பேன். நூல் காய்ந்தே இருக்கலாம். அந்த ஈரம் அதைத் தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். நம்பிக்கை இல்லையென்றால் வீட்டுக்குப் போய்ச் செய்து பாருங்கள், மேடம்.

குரூப் தொடங்கியபோது நான் போட்ட முதல் பதிவு அதுதான். ஊசிமுனை என்று பெயர் வைத்தேன். வீட்டிலிருந்து தைக்கிற பெண்களுக்கு மட்டும். தொடங்கும்போதே போன் கேட்டது, தனியா, பொதுவா என்று. தனி என்றால் சேர்ந்தவர்கள் மட்டும் பார்க்கலாம். பொது என்றால் உலகத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். நான் யோசிக்காமல் தனி என்று அழுத்தினேன். என் சுபாவமே அதுதானே.

நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. பள்ளிக்கூடத்தில் எழுந்து பதில் சொல்லச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்காகவே பாதியில் நின்றுவிட்டேன். கல்யாணமும் அப்படித்தான் தட்டிப் போனது. பார்க்க வந்தவர்கள் ஊமையா என்று கேட்டுவிட்டுப் போனார்கள். இப்போது உங்களிடம் இவ்வளவு சொல்கிறேன் என்றால், நீங்கள் எதிரே உட்கார்ந்து டைப் செய்துகொண்டே இருப்பதால்தான். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். குரூப்பில் நான் நன்றாகப் பேசுவேன். அங்கே எனக்கு அட்மின் அக்கா என்று பெயர். குழந்தை பிறந்தால் முதலில் எனக்குச் சொல்வார்கள். மாமியார் அடித்தாலும் எனக்குத்தான் முதலில் சொல்வார்கள்.

காஜாவும் அப்படி உள்ளே வந்தவள்தான். சட்டைக்குக் கையால் காஜா எடுப்பாள். பொத்தான் நுழைகிற அந்தச் சின்ன ஓட்டை இருக்கிறதே, அதைச் சுற்றி அவள் போடுகிற தையலை விரலால் தடவினால் மணி கோத்த மாதிரி இருக்கும். அதனால் அந்தப் பெயர். உண்மைப் பெயரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கையில் மகளோடு, மாற்றுத் துணி இல்லாமல், புருஷனிடமிருந்து தப்பி வந்தவள். அவன் ஒரு கட்டிங் மாஸ்டர். தொழிலைச் சொல்லிக்கொடுத்தவனும் அவனே, கத்தரியால் தோளைக் கிழித்தவனும் அவனே. அந்தத் தழும்பை எனக்குக் காட்டியிருக்கிறாள்.

என் அறைக்கு எதிர் அறையை அவளுக்குப் பிடித்துக் கொடுத்தது நான். கீழே சலவைக்கடை, மேலே நாங்கள். நடுவில் ஒரு நடை, இரண்டு கதவு. அவள் வேலையில் இருக்கும்போது பாப்பா என்னோடு இருப்பாள். என்னைப் பெரிம்மா என்று கூப்பிடுவாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, அவளாகவே கூப்பிட்டாள். துண்டுத் துணியில் பொம்மைக்குச் சட்டை தைத்துத் தருவேன். என் மடியில் தலை வைத்து, நான் மெஷின் மிதிக்கிற ஆட்டத்திலேயே தூங்கிப்போவாள்.

சரி, குரூப்பில் சேர நான் ஒரு கேள்வி வைத்திருந்தேன். காஜாவுக்கு முதலில் துணியை வெட்டுவீர்களா, தைத்துவிட்டு வெட்டுவீர்களா? தைக்கத் தெரியாதவர்கள், சும்மா வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் அங்கேயே மாட்டிக்கொள்வார்கள். ஒருநாள் பூப்படம் போட்ட ஒரு பெண் பெயரிலிருந்து பதில் வந்தது. கையால் எடுத்தால் முதலில் வெட்ட வேண்டும், மெஷினில் எடுத்தால் கடைசியில் வெட்ட வேண்டும், இடது கைக்காரர்கள் மறுமுனையிலிருந்து தொடங்க வேண்டும் என்று எழுதியிருந்தது.

இடது கையைப் பற்றி நான் கேட்கவே இல்லை. காஜா இடது கைக்காரி.

அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். படித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவர்தான்க்கா. எனக்கு இப்படித்தான் சொல்லிக்கொடுத்தாரு, இதே வார்த்தை. ஊர் ஊரா குரூப் குரூப்பா தேடுறாரு போல. உள்ள விட்டுடாதீங்கக்கா, உங்க கால்ல விழுறேன்."

"எழுந்திரு. எவனையும் விடமாட்டேன்."

விடவில்லை. அவன் மறுபடி மறுபடி கேட்டான், நான் மறுபடி மறுபடி மறுத்தேன். இதை நீங்கள் தெளிவாக டைப் செய்துகொள்ளுங்கள். அவனை நான் ஒருபோதும் உள்ளே விடவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குரூப்பில் இருக்கிற பக்கத்து ஆட்கள் எல்லோரும் ஒரு பூங்காவில் கூடினோம். நான் பேசாமல் ஓரமாக உட்கார்ந்திருந்தேன். காஜாவைச் சுற்றித்தான் கூட்டம். யாரோ, அட்மின் அக்கா ஏன் உம்மென்று இருக்கிறார்கள் என்று கேட்டார்கள். காஜா சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"அக்கா போன்ல மட்டும்தான் ஒலிபரப்பு. நேர்ல எப்பவும் மியூட். பேட்டரி மிச்சம் பண்றாங்க."

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஜிப்பு என்று ஒருத்தி, பைகளுக்கு ஜிப் வைக்கிறவள், "தட்டிப் பாருங்கடி, உள்ள ஆளு இருக்கான்னு" என்று என் தலையில் லேசாகத் தட்டினாள். பாப்பாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். இதை நான் மனதில் வைத்துக்கொண்டேன் என்று நீங்கள் எழுதினால் அது சரியாக இருக்காது. விளையாட்டுப் பேச்சுதான் அது.

அன்று திரும்பி வரும்போதுதான் அவள் அந்தச் செய்தியைச் சொன்னாள். வேறொரு ஊரில் பெரிய தையல்கூடம். அங்கே வேலை பார்க்கிற ஒருத்தி எங்கள் குரூப்பில் காஜாவின் கைவேலையைப் பார்த்து முதலாளியிடம் சொல்லியிருக்கிறாள். வேலை, தங்க இடம், பக்கத்திலேயே பள்ளிக்கூடம்.

"மாசக் கடைசியில கிளம்புறோம்க்கா. உங்களாலதான் இதெல்லாம்."

"பாப்பா இங்கயே இருக்கட்டுமே. நீ போய் செட்டில் ஆனதும் கூட்டிட்டுப் போ."

"நல்லா இருக்கே கதை! அவள விட்டுட்டு எனக்கென்ன தனியா செட்டில்?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். "லீவுக்கு வருவோம்க்கா. பாப்பா, பெரிம்மாவுக்கு டாட்டா சொல்லிப் பழகு இப்பவே."

பாப்பா டாட்டா சொன்னாள். நன்றாகவே சொன்னாள்.

நான் அன்றிரவு அழவில்லை. மறுநாள் ஒரு கோட்டுக்கு உள்துணி வைத்துத் தைத்து முடித்தேன். தையல் ஒன்றுகூடக் கோணவில்லை. தைக்கும்போது யோசித்தேன். இவள் எதை நம்பி இவ்வளவு துணிச்சலாகக் கிளம்புகிறாள்? பயம் விட்டுப்போயிற்று. பயம் இருந்தவரை என் கதவைத் தட்டாமல் தண்ணீர் பிடிக்கக்கூடப் போக மாட்டாள். பிள்ளையை என்னிடம் விட்டால்தான் பத்திரம் என்று அவளே சொன்ன காலம் உண்டு. அந்தப் பயம் கொஞ்சம் திரும்பி வந்தால் போதும் என்று நினைத்தேன். கொஞ்சம்தான்.

குரூப்பில் எழுதினேன். நம் வேலையை நாலு பேர் பார்க்க வேண்டாமா, எத்தனை நாளைக்கு நமக்குள்ளேயே காட்டிக்கொண்டிருப்பது, பொதுவாக்கினால் ஆர்டர் வரும். ஓட்டெடுப்பு வைத்தேன். எல்லோருக்கும் ஆசைதான். ஜிப்பு மட்டும், "ஐயோ அக்கா, நான் என் மாமியாரப் பத்திப் போட்டதெல்லாம் அதுவும் படிக்குமா?" என்று கேட்டாள். சிரிக்கிற பொம்மை ஒன்றைப் பதிலாகப் போட்டேன். பெரும்பான்மை, பொது என்றே வந்தது. முறைப்படி நடந்தது.

செட்டிங்ஸில் போய் மாற்றினேன். அது உடனே மாறாது. முதலில் ஒரு எச்சரிக்கை வரும்: இதுவரை போட்ட பதிவுகளும் படங்களும் எல்லோருக்கும் தெரியும், சம்மதமா என்று. என் போனில் எல்லாம் தமிழில் இருக்கும், அதனால் புரியாமல் அழுத்தினேன் என்று சொல்ல மாட்டேன். சம்மதம் கொடுத்த பிறகும் மனசு மாறினால் திரும்பிக்கொள்ளச் சில நாள் அவகாசம் தருவார்கள். தினமும் காலையில் அந்த 'ரத்து செய்' என்கிற பொத்தானைப் பார்த்துவிட்டுத்தான் மெஷினில் உட்காருவேன்.

பழைய பதிவுகளில் காஜாவின் கைவேலைப் படங்கள் இருந்தன. முகம் காட்ட மாட்டாள், விரல் மட்டும் தெரியும். ஆனால் இடது கையால் போட்ட தையல் சாய்கிற பக்கமே வேறு. தொழில் தெரிந்தவனுக்கு அது கையெழுத்து மாதிரி. அதோடு, சட்டை கொடுக்க வருகிறவர்களுக்காக அவள் வழியும் எழுதியிருந்தாள். ரயில்வே கேட்டைத் தாண்டிச் சலவைக்கடை, மேல்மாடி, நீலக் கதவு. நம்ம ஆட்கள்தானே என்று எழுதியிருந்தாள்.

அறிவிப்பைப் பார்த்துவிட்டு அவள் என் அறைக்கு வந்தாள். ஊசி குத்தாமல் இருக்க விரலில் போடுகிற அங்குஸ்தானை மாட்டியபடியே வந்தாள்.

"அக்கா, என்னமோ பொதுன்னு வந்திருக்கே. என் பழைய படம், வழி சொன்னது, அதெல்லாம்? அழிச்சிடவா?"

"எதுக்கு அழிக்கணும்? இனிமே போடுறதுதான் வெளிய தெரியும். பழசு நமக்குள்ளயே இருக்கும்."

"நிஜமாவா? எனக்கு இந்த செட்டிங்ஸ் எழவெல்லாம் மண்டையில ஏறாதுக்கா."

"நான் இருக்கேன்ல?"

"அது போதும்க்கா. நீங்க இருக்கீங்கன்னுதான் நான் கதவைக்கூடத் தாழ்போடாம தூங்குறேன்" என்று என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனாள்.

அவன் ஒரு மத்தியானம் வந்தான். கீழே சலவைக்கடை மெஷின்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தன. பாப்பா என்னிடம் இருந்தாள், பொம்மைக்குக் காலுறை அளந்துகொண்டிருந்தோம். படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நிதானமாக ஏறி வந்தான். வாடிக்கையாளர் யாரோ என்றுதான் யாரும் நினைப்பார்கள். எதிர்க்கதவு திறந்த சத்தம். பிறகு ஸ்டூல் விழுந்த சத்தம். நான் எழுந்து என் கதவைத் தாழ்போட்டேன்.

காஜா எப்படியோ நடையைத் தாண்டி வந்துவிட்டாள். என் கதவைத் தட்டினாள். கையை விரித்து அறைந்து அறைந்து தட்டினாள். அக்கா, அக்கா, அக்கா என்று கூப்பிட்டாள். பாப்பாவின் பெயரை அவள் சொல்லவே இல்லை, அதை நான் கவனித்தேன். பாப்பா அம்மா என்று எழுந்தாள். நான் அவளை மடியில் அழுத்தி உட்காரவைத்து, இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். உள்ளே ஒரு குழந்தை இருக்கிறது, வெளியே கத்தரியோடு ஒருவன் நிற்கிறான். கதவைத் திறப்பது சரியா? நீங்களும் ஒரு தாயாக இருக்கலாம், மேடம். யோசித்துப் பாருங்கள். தட்டுவது நிற்கும்வரை பொத்திக்கொண்டிருந்தேன். அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் பொத்திக்கொண்டிருந்தேன். கதவுக்கடியில் வழிந்து வந்ததைப் பாப்பா பார்க்கக்கூடாது என்று என் துப்பட்டாவைப் போட்டு மூடினேன். ஆனால் அதற்குள் பார்த்துவிட்டாள்.

அவனுக்கு நான் கதவைத் திறந்துவிட்டேன் என்று குரூப்பில் பேசிக்கொள்கிறார்களாம். அது தவறு. அவனுக்கு நான் திறக்கவில்லை. எல்லோருக்கும் திறந்தேன். அவன் எல்லோரிலும் ஒருவன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நீங்கள் போனைப் பிரித்துப் பார்த்தால் எப்படியும் கிடைக்கும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். சேரக் கேட்பவர்களை மறுக்கும்போது ஒரு வரி எழுதி அனுப்ப இடம் உண்டு. நான் எப்போதும் மரியாதையாக ஏதாவது எழுதுவேன். கடைசியாக மறுத்தபோது இப்படி எழுதினேன்: "மன்னிக்கவும் சகோதரி, இப்போது சேர்க்க இயலாது. வரும் வெள்ளிக்கிழமை முதல் குழு பொதுவாகிறது. பழைய பதிவுகள் அனைத்தையும் பார்க்கலாம்." காத்திருந்த எல்லோருக்கும் அதையேதான் அனுப்பினேன். அன்று காத்திருந்தது அவன் ஒருவன்தான்.

ஆமாம், மேடம். அவன் யாரென்று தெரிந்து அனுப்பினேன். அவன் வருவான் என்றும் தெரியும். அவளுக்குப் பயம் வரட்டும் என்றுதான் நினைத்தேன் என்று முதலில் சொன்னேன். அதை மாற்ற வேண்டியதில்லை, அப்படியே இருக்கட்டும். தழும்பையும் நான் பார்த்திருந்தேன் என்பதை அதன் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். காட்டுங்கள், எங்கே கையெழுத்துப் போட வேண்டும்?

பாப்பாவைக் காப்பகத்தில் வைத்திருக்கிறார்களாம். அங்கே முன்பின் தெரியாத பிள்ளைகள், ஒரே இரைச்சல். அவளுக்கு என் மெஷின் சத்தம் இல்லாமல் தூக்கம் வராது. நான் வெளியே வரும்வரை அவளை யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு இனி நான்தானே இருக்கிறேன். அவள் அன்றிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை, என் படத்தைக் காட்டியபோது மேஜைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டாள் என்று அங்கிருக்கிற டாக்டர் பெரிதுபடுத்திச் சொன்னாராம். அவரிடம் சொல்லுங்கள், பயப்பட ஒன்றுமில்லை. நானும் அந்த வயதில் அப்படித்தான் இருந்தேன். கூச்சம், வேறொன்றுமில்லை.